ஆலப்புழை படகுவீடு வாடகை: விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கணக்கில் ஒரு மதிப்பீடு

ஆலப்புழை படகுவீட்டைப் பற்றி வரும் மதிப்பீடுகள் பெரும்பாலும் கரிமீன் பொள்ளிச்சதிலும் ஏசியின் குளிரிலும் நின்றுவிடுகின்றன. இங்கே பார்ப்பது வேறொரு விஷயம். படகில் ஒருவருக்கு அடிபட்டாலோ உயிர் போனாலோ சட்டப்படி யார் பதில் சொல்ல வேண்டும், அந்த இழப்பீடு உண்மையில் கைக்கு வருமா என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து பள்ளி விடுமுறையில் குடும்பம் குடும்பமாக ஆலப்புழைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சேவையாக இது அருமையானது, காயலில் ஒரு பகலும் ஓர் இரவும் கொடுத்த காசுக்குக் குறையில்லை. பொறுப்பு என்று வரும்போது மட்டும் படகுக்குப் படகு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரே கரையில், ஒரே வாடகைக்கு, பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருக்கும் இரண்டு படகுகளில் ஒன்றுக்கு எல்லாச் சான்றும் காப்பீடும் நடப்பில் இருக்கும். மற்றதில் காலாவதியான தாள் ஒன்று கண்ணாடிச் சட்டகத்துக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

யாரிடம் வாடகைக்கு எடுக்கிறீர்கள்

படகுகள் புறப்படும் துறையான புன்னமடா பக்கம் காரை நிறுத்தியதுமே புரோக்கர்கள் வந்துவிடுவார்கள். இணையத்தில் பதிவு செய்தால் பயணத் தளம், ஊரிலிருந்தே ஏற்பாடு செய்தால் டிராவல்ஸ், நேரடியாகப் போனால் படகு உரிமையாளர் என்று மூன்று வழிகள். வழக்கு என்று வந்தால் இந்த மூன்றும் மூன்று விதமாக முடியும்.

உரிமையாளர் பெயரில் பில் இருந்தால் சிக்கலில்லை, பணம் வாங்கியவரும் சேவை தந்தவரும் ஒருவரே. டிராவல்ஸ்காரர் ரயில், ஓட்டல், படகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக வாங்கியிருந்தால் அவரும் சேவை தந்தவர்தான். ‘நான் இடையில் நின்றவன்’ என்ற பதில் அங்கே எளிதில் எடுபடாது. பயணத் தளங்கள் தங்களை வெறும் இடைத்தரகர் என்று நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கும். அந்த வாதம் நிற்குமா என்பது படகை அவர்கள் எப்படி விளம்பரப்படுத்தினார்கள், யார் பெயரில் பில் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. புரோக்கரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, கையெழுத்துகூட இல்லாத துண்டுச் சீட்டோடு ஏறுவதுதான் மிக மோசமான வழி. இரண்டாயிரம் ரூபாய் மிச்சப்படும். விபத்துக்குப் பிறகு ‘இவர்கள் என் விருந்தினர்களே இல்லை’ என்று உரிமையாளர் சொல்வதற்கும் அதுவே வழி திறந்துவிடும். யுபிஐயில் அனுப்பினாலும் பணம் பெற்றவர் பெயர் புரோக்கருடையதாக இருந்தால் பாதிப் பலன்தான். படகின் பெயரும் பதிவு எண்ணும் தேதியும் ஆள்களின் எண்ணிக்கையும் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். எண்ணிக்கை எழுதப்பட்டிருப்பது முக்கியம், கூட்டம் ஏற்றிய வழக்குகளில் அதுவே முதல் சாட்சி.

சுவரில் தொங்கும் தாள்கள்

உள்நாட்டு நீர்வழியில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு இப்போது 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பொருந்தும். 1917-இலிருந்து இருந்த பழைய சட்டத்தை எடுத்துவிட்டு வந்தது இது. பதிவு, சர்வே (படகு ஓடத் தகுதியானதா என்ற அதிகாரிகளின் ஆய்வு), ஓட்டுநரின் தகுதிச் சான்று, காப்பீடு ஆகிய நான்கும் இல்லாமல் படகைப் பயணத்துக்கு எடுக்கக் கூடாது. கேரளத்தில் துறைமுக அதிகாரிகளும் கேரள மாரிடைம் போர்டும் இதைப் பார்க்கிறார்கள்.

ஏறியதும் முன்கூடத்தில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் சர்வே சான்றைப் பாருங்கள். அதில் கவனிக்க வேண்டியவை மூன்று. காலாவதித் தேதி எது? எத்தனை பயணிகளுக்கு அனுமதி? சான்றில் உள்ள பதிவு எண்ணும் படகின் உடம்பில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றா? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓர் உரிமையாளருக்கு நான்கு படகுகள் இருந்தால், ஒன்றின் சான்றுப் பிரதி நான்கிலும் தொங்குவதற்கு வாய்ப்பு உண்டு. பதிவு எண் கே.ஐ.வி. என்ற எழுத்துகளில் தொடங்கும். அதையும் சான்றையும் ஒரே படத்தில் வருமாறு கைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். கேரள சுற்றுலாத் துறை தரும் கோல்டு ஸ்டார், சில்வர் ஸ்டார் பலகைகள் வசதியின் தரத்தைச் சொல்பவை, நடப்புச் சர்வே சான்றுக்கு மாற்றாகாது.

சான்று இல்லாத படகில் ஏறியவருக்கு இழப்பீடு கிடைக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. சான்றில்லாமல் ஓட்டியது உரிமையாளரின் குற்றம், சேவைக் குறைபாட்டுக்கு அதுவே வலுவான ஆதாரமும்கூட. சிக்கல் வருவது பணத்தில்தான். சான்றில்லாத படகுக்குக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் உரிமையாளரின் சொத்தைத் தேடி நிறைவேற்று மனு போட்டுக்கொண்டிருக்க வேண்டியதாகிவிடும்.

ஸ்ராங்க், டிரைவர், லஸ்கர்

படகைச் செலுத்துபவர் ஸ்ராங்க், இயந்திரத்தைப் பார்ப்பவர் டிரைவர், கயிறும் கழியும் பிடிப்பவர் லஸ்கர், இவர்களோடு சமையல்காரர். சிறிய படகுகளில் இரண்டு பேரே எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். சமையல்காரரே லஸ்கர், மதியம் ஸ்ராங்க் சாப்பிட உட்காரும்போது சுக்கான் பிடிப்பவரும் அவரே. பார்க்கும்போது சாதாரணமாகத் தெரியும். பொறுப்பு என்ற கணக்கில் இதைவிடப் பெரிய ஓட்டை கிடையாது.

2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கோவளம் வழக்கு ஒன்றை இங்கே நினைவில் வைக்கலாம். கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் நீச்சல் குளத்தில் விருந்தினர் ஒருவர் இறந்துபோனார். குளத்தைக் காக்க வேண்டிய உயிர்காப்பாளருக்கு மதுக்கூட வேலையும் கொடுக்கப்பட்டிருந்தது. சேவைக் குறைபாடு என்று சொல்லித் தேசிய நுகர்வோர் ஆணையம் விதித்த 62.5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஓர் உயிரைக் காக்க நியமித்தவருக்கு வேறு வேலை தந்தால் அதற்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்ற அந்த நியாயம், மீன் பொரித்துக்கொண்டே லஸ்கர் வேலையும் பார்ப்பவருக்கும் பொருந்தும். ஏறும்போது யார் ஸ்ராங்க் என்று கேளுங்கள், உரிமச் சான்றையும் பாருங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல ஸ்ராங்க் அதைப் பெருமையாகவே காட்டுவார்.

மேல்தளம்

படகு கவிழ்வதற்குக் காற்றும் அலையும் வேண்டுமென்பதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற இரட்டைத்தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கத்துக்குப் போனபோது படகு சாய்ந்தது. கணக்கு எளிது. 30 பேர், ஆளுக்கு 60 கிலோ என்றால் 1,800 கிலோ சில விநாடிகளில் ஒரு விளிம்புக்கு நகர்கிறது. அதுவும் மேல்தளத்திலிருந்து நகர்ந்தால் எடையின் மையம் ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறது, சாய்ந்த படகு திரும்பி நிமிர்வதற்கு வலு போதாது. 2014 ஜனவரி 26 அன்று அந்தமானில் ராஸ் தீவுக்கு அருகே அக்வா மரைன் படகு மூழ்கி 21 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து போனவர்கள். அளவுக்கு மேல் கூட்டம் ஏற்றப்பட்டிருந்தது. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. அனுமதிக்கு மேல் ஆள்களை ஏற்றிக்கொண்டு, இருட்டிய பிறகு ஓடியது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் 22 பேர் இறந்தபோதும் அவர்கள் ஏறியிருந்தது உல்லாசப் பயணத்துக்கு அனுமதியில்லாத மீன்பிடிப் படகுதான்.

எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருபவை அதிகக் கூட்டம், தகுதியில்லாத படகு, தவறான நேரம், ஒரு பக்கச் சாய்வு. படகுவீட்டில் மேல்தளம் இருந்தால் அதில் எத்தனை பேர் நிற்கலாம் என்று எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலான படகுகளில் எழுதியிருப்பதில்லை. பிறந்தநாள் விழா, அலுவலகக் கூட்டம் என்று பகல் பயணத்துக்கு எடுக்கும் பெரிய படகுகளில்தான் ஆபத்து அதிகம், மேல்தளத்தில் பாட்டுப் போட்டு எல்லோரும் ஒன்றாக ஆடுவார்கள். அதைத் தடுக்க வேண்டியது ஸ்ராங்கின் கடமை. அவர் சொல்லியும் கேட்காமல் ஆடியவர்களுக்கு இழப்பீடு குறையலாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பழி முழுவதும் படகின் பக்கம்தான்.

பள்ளிச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அங்கே படகை ஓட்டியது மாநகராட்சியிடம் ஒப்பந்தம் எடுத்த நிறுவனம். இப்படிப்பட்ட விபத்தில் ஒப்பந்ததாரர், ஒப்பந்தம் கொடுத்த உள்ளாட்சி அமைப்பு, பிள்ளைகளைக் கூட்டிப்போன பள்ளி ஆகிய மூவரையும் நோக்கிக் கேள்வி எழும். ‘படகுக்காரர் ஏறச் சொன்னார், ஏற்றினோம்’ என்பது பள்ளிக்கு முழுக் கேடயமாகாது.

லைஃப் ஜாக்கெட்

இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி இதுதான். எண்ணிக்கைக்குக் குறை இருக்காது, ஆய்வுக்கு வருபவர்கள் எண்ணித்தான் பார்க்கிறார்கள். கட்டிலுக்கு அடியிலோ பூட்டிய பெட்டியிலோ ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தில் கிடந்த நுரைத் தகடு தட்டையாகி, மிதக்கும் திறனை இழக்கிறது.

ஏறியதும் ஒன்றை எடுத்துப் பாருங்கள். இரண்டு விரலால் நுரையை அமுக்கி விட்டால் உடனே பழைய உருவத்துக்கு வர வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் அது பழுது. துணி வெயிலில் வெளுத்து, தையல் ஓரத்தில் விரலால் இழுத்தாலே நூல் பிரிந்தால் அதுவும் பழுது. கொக்கிகளை மாட்டிப் பலமாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கத்துச் சீட்டில் எத்தனை நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு), எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்று இருக்கும். 50 நியூட்டன் என்றால் நீந்தத் தெரிந்தவருக்கு உதவுவது மட்டுமே, மயங்கியவரை முகம் மேலே வரும்படி அது திருப்பாது. நீச்சல் தெரியாத பயணிகளுக்கு 100 நியூட்டனாவது வேண்டும், திறந்த நீர்ப்பரப்புக்கு 150 நியூட்டன் இன்னும் நல்லது. கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் பட்டை, விசில், ஒளி பட்டால் மின்னும் நாடா ஆகியவையும் இருக்க வேண்டும்.

குழந்தைக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டைப் போட்டுவிடுவது போடாததற்குச் சமம். நீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். போட்டுக் கட்டிய பிறகு இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதைத் தாண்டி ஏறினால் அளவு பெரியது. சிறு பிள்ளைகளுக்குத் தொடைக்கு நடுவே போகும் பட்டை கட்டாயம். பிள்ளைகளின் வயதையும் எடையையும் பதிவு செய்யும்போதே வாட்ஸாப்பில் எழுதி, அந்த அளவு ஜாக்கெட் உண்டா என்று கேட்டு வாங்கிய பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ‘உண்டு’ என்று எழுதிவிட்டு இல்லாமல் போனால், குறைபாட்டை நிரூபிக்கத் தனிச் சாட்சி தேவைப்படாது.

கண்ணாடி அடைத்த ஏசி அறைக்குள் ஜாக்கெட் போட்டபடி உட்கார்ந்திருப்பதும் சரியல்ல. படகு கவிழ்ந்தால் ஜாக்கெட் உங்களைக் கூரையோடு அழுத்திப் பிடிக்கும், குனிந்து சன்னல் வழியாக வெளியேற விடாது. ஓட்டத்தில் இருக்கும்போது திறந்த முன்கூடத்தில் ஜாக்கெட்டோடு இருப்பதே முறை.

சிறு காயங்கள், பெரிய வழக்குகள்

மூழ்குவது அரிது. அடிக்கடி நடப்பவை வேறு. படகுக்கும் படித்துறைக்கும் நடுவில் கால் இறங்குவது, கரை அணையும்போது விளிம்பில் வைத்த விரல் நசுங்குவது, ஈரப் பலகையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிவது, அகலமான கைப்பிடிச் சட்ட இடைவெளியில் குழந்தை நழுவுவது, ஜெனரேட்டர் வயரில் மின்தாக்கு. ஏற்றி இறக்குவதும் சேவையின் பகுதிதான். பலகை போடாமல் தாண்டச் சொன்னால் பொறுப்பு படகினுடையது. முதியவரை அழைத்துப் போனால் கைப்பிடியுள்ள ஏறுபலகை உண்டா என்று கேளுங்கள்.

சமையலறையில் எரிவாயு உருளை, பக்கத்தில் மூங்கிலும் கயிறும் ஓலையும். தீயணைப்புக் கருவியின் அழுத்தமானி முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஆலப்புழையில் படகுவீடுகள் மாலை 5.30 மணியளவில் ஓட்டத்தை நிறுத்திக் கரையில் கட்டிவிடும், அதன்பின் காயலில் மீனவர்கள் வலை விரிப்பார்கள். கூடுதல் பணம் தந்து ‘இன்னும் ஒரு சுற்று’ கேட்பவர்கள் காப்பீட்டையும் சேர்த்துக் கைவிடுகிறார்கள். கட்டிய படகிலும் இரவில் ஆபத்து உண்டு. படகுவீடாக மாற்றப்படும் கெட்டுவள்ளத்தின் உடல் அஞ்சிலி மரப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தது. மூட்டில் கசிவு இருந்தால் அடித்தளத்தில் நீர் சேரும், அதை இறைக்கும் பம்ப் நின்றுவிட்டால் தூங்கும்போதே படகு தாழும். எனவே இரவில் ஓர் ஊழியராவது படகிலேயே தங்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். படுக்கையறைக் கதவும் சன்னலும் உள்ளிருந்து எளிதாகத் திறக்கின்றனவா என்றும் பாருங்கள்.

‘சொந்தப் பொறுப்பில் பயணம்’ என்ற வரி

ஏறும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், இல்லாவிட்டால் பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எந்த விபத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல, வழக்குகள் ஆலப்புழை நீதிமன்றத்தில் மட்டும் என்று. பயந்துவிட வேண்டாம். தன் அலட்சியத்தால் வந்த உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இப்படி ஒரு வரியைக் காட்டி உரிமையாளர் தப்பித்துவிட முடியாது. நியாயமற்ற ஒப்பந்தம் என்ற பிரிவே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதே சட்டம், புகார்தாரர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது. மதுரைக்காரர் மதுரையிலேயே போடலாம். ஆனால் அந்தப் படிவத்தில் ‘ஜாக்கெட் தரப்பட்டது, பாதுகாப்பு விளக்கம் சொல்லப்பட்டது’ என்ற வரிகளும் இருக்கும். சொல்லாததைச் சொன்னதாக எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். அதுதான் பின்னால் கடிக்கும்.

காப்பீடு

‘இன்சூரன்ஸ் இருக்கிறதா?’ என்றால் எல்லோரும் ‘உண்டு’ என்பார்கள். எந்தக் காப்பீடு என்று கேட்க வேண்டும். படகின் உடலுக்கும் இயந்திரத்துக்கும் எடுத்த பாலிசி படகு கெட்டால் உரிமையாளருக்குப் பணம் தரும், பயணிக்கு ஒரு பைசா வராது. பயணிகளின் மரணத்துக்கும் காயத்துக்கும் பொறுப்பு ஏற்கும் பகுதி பாலிசியில் இருக்க வேண்டும். எத்தனை பயணிகள், ஆளுக்கு எவ்வளவு, ஒரு விபத்துக்கு மொத்தம் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் பாருங்கள். பத்துப் பேருக்குப் பாலிசி எடுத்துவிட்டு இருபது பேரை ஏற்றினால், விபத்தன்று காப்பீட்டு நிறுவனத்தின் முதல் மறுப்பே அதுவாக இருக்கும். உரிமமில்லாத ஸ்ராங்க், காலாவதியான சர்வே, அனுமதியில்லாத நேரம் ஆகியவையும் மறுப்புக்கான காரணங்கள்.

சாலை விபத்தோடு இதை ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் உண்டு. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் படகுக்குக் கிடையாது. லாரி மோதியவருக்கு இருக்கும் அந்தத் தனி வழி, காயலில் விழுந்தவருக்கு இல்லை. அலட்சியத்தையோ சேவைக் குறைபாட்டையோ நாம்தான் காட்ட வேண்டும். புதிய கலங்கள் சட்டத்தில் உரிமையாளர் தன் பொறுப்பை ஒரு வரம்புக்குள் நிறுத்தக் கோரவும் வழி உண்டு. அவருக்குத் தெரிந்தே கூட்டம் ஏற்றப்பட்டது, அவருக்குத் தெரிந்தே சான்று காலாவதியானது என்று காட்டும் படங்களும் செய்திகளும் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

உங்கள் பக்கத்துக் காப்பீட்டையும் மறக்காதீர்கள். பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படுகிறவரின் குடும்பத்துக்கு விபத்து மரணத்தில் 2 லட்சம் உண்டு. நீரில் மூழ்கிய மரணமும் அதில் அடங்கும், போலீஸில் பதிவாகியிருக்க வேண்டும். தனிநபர் விபத்துப் பாலிசியும் படகுக்காரரின் தவறு நிரூபிக்கப்படும்வரை காத்திருக்காமல் பணம் தரும்.

நடந்துவிட்டால்

முதலில் 112. கரைக்கு வந்தபின் ‘ஒன்றுமில்லை, கொஞ்சம் தண்ணீர் குடித்தான்’ என்று அறைக்குத் திரும்பாதீர்கள். நுரையீரலில் நீர் போயிருந்தால் மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். மருத்துவமனையில் சேர்ந்து, படகு விபத்து என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் போனால், வீட்டில் வழுக்கி விழுந்ததை இங்கே கொண்டுவருகிறார்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

பிறகு போலீஸ் புகார். பாதுகாப்பற்ற அல்லது அதிகப் பாரம் ஏற்றிய படகில் கட்டணத்துக்கு ஆளேற்றுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 284-ஆம் பிரிவு, படகை அலட்சியமாகச் செலுத்துவது 282. உயிரிழப்பு என்றால் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கான 106, கொடுமை அதிகமானால் கொலையாகாத மரணம் விளைவித்ததற்கான 105. முதல் இரண்டுக்கும் தண்டனை ஆறு மாதம்வரைதான், பொது உயிர்கள் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இது மிகக் குறைவு. குற்ற வழக்கின் முடிவுக்காக இழப்பீட்டு வழக்கைத் தள்ளிப்போடவே கூடாது. தேக்கடிக் குற்ற வழக்கு பத்தாண்டைத் தாண்டியும் இழுத்தது. அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகையை வாங்கிக்கொண்டதால் இழப்பீட்டு உரிமை போய்விடாது. தானூரில் கேரள அரசு இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தது. அது கருணைத் தொகை, படகு உரிமையாளரின் கடன் தனி.

நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். எந்த ஆணையம் என்பது நீங்கள் கட்டிய வாடகையை வைத்துத் தீர்மானமாகும். 50 லட்சம்வரை கட்டணம் செலுத்திய சேவைக்கு மாவட்ட ஆணையம். ஆகவே 15,000 ரூபாய் வாடகைப் படகில் நடந்த மரணத்துக்கு அரைக்கோடி இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையமே போதும், ஐந்து லட்சத்துக்குக் குறைந்த சேவை என்பதால் நீதிமன்றக் கட்டணமும் இல்லை. பணம் கட்டியவர் ஒருவர், அடிபட்டவர் மாமியார் என்றாலும் கவலையில்லை, அவரும் பயனாளிதான். படகு உரிமையாளர், பில் போட்ட டிராவல்ஸ், காப்பீட்டு நிறுவனம் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். காப்பீட்டு நிறுவனத்தை விட்டுவிட்டுப் பின்னால் சேர்க்க அலைவது வீண் தாமதம். உயிரிழப்புக்கு 1855-ஆம் ஆண்டின் கொடிய விபத்துகள் சட்டத்தின்கீழ் சிவில் வழக்கும் போடலாம், அதற்கும் இரண்டு ஆண்டுதான்.

எவ்வளவு கேட்பது? மோட்டார் வழக்குகளின் பெருக்கல் முறையையே வழக்கறிஞர்கள் பின்பற்றுகிறார்கள். 38 வயது, சொந்தத் தொழில், மாதம் 25,000 வருமானம், மனைவி, இரு பிள்ளைகள், தாய் என்று நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள் என்று வைப்போம். வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 35,000. அவருடைய சொந்தச் செலவாக நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 26,250. ஆண்டுக்கு 3,15,000. அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 15, ஆக 47,25,000. இறுதிச் சடங்கு, துணையை இழந்தது போன்றவற்றுக்கான தொகை தனி. வருமானத்தைக் காட்டும் தாள் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு முதல் வரியிலேயே சறுக்கும். வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு, வங்கி வரவு, எதுவாவது ஒன்று வேண்டும். காயம் என்றால் எல்லா மருந்துச் சீட்டுகளும், நிரந்தரக் குறைபாடு இருந்தால் மருத்துவக் குழுவின் சதவீதச் சான்றும் தேவை.

இழப்பீட்டைக் குறைப்பவை: குடித்திருந்தது, படம் எடுக்க ஜாக்கெட்டைக் கழற்றியது, தடுத்தும் கூரையில் ஏறியது, ஸ்ராங்க் வேண்டாம் என்ற இடத்தில் குளிக்க இறங்கியது. மருத்துவமனையில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் மது தெரிந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

மற்ற படகுகளோடு

ஷிகாரா மலிவு, குறுகிய கால்வாய்களுக்கு ஏற்றது, திறந்த படகு என்பதால் வெளியேறுவது எளிது. காகிதங்களை அங்கேயும் கேட்க வேண்டும். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகில் சில பத்து ரூபாயில் குட்டநாட்டைச் சுற்றிவிடலாம். டிக்கெட் இருக்கும், உரிமையாளர் யார் என்ற குழப்பம் இருக்காது, அரசே எதிர்த்தரப்பு. ஆனால் அரசுப் படகு என்பதாலேயே ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். 2002 ஜூலை 27 அன்று குமரகம் அருகே 29 பேர் இறந்தது அத்துறையின் படகில்தான்.

மதிப்பெண் என்று போட்டால், ஆலப்புழை படகுவீடுகளுக்கு அனுபவத்தில் ஐந்துக்கு நாலரை, பதிவிலும் சர்வேயிலும் மூன்றரை, லைஃப் ஜாக்கெட்டில் இரண்டு, பயணிக் காப்பீட்டை வெளிப்படையாகக் காட்டுவதில் ஒன்று. பத்துப் பேருக்கு மேல் போகும் குழுக்கள் ஒரே பெரிய படகுக்குப் பதிலாக இரண்டு சிறிய ஒற்றைத்தளப் படகுகளை எடுப்பதையே பரிந்துரைக்கிறோம், வாடகை கொஞ்சம் கூடினாலும்.

முன்பணம் அனுப்பும் முன் உரிமையாளருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘படகின் பதிவு எண், நடப்புச் சர்வே சான்று, ஸ்ராங்க் உரிமம், பயணிகள் காப்பீட்டுப் பாலிசியின் முதல் பக்கம் ஆகியவற்றின் படம் வேண்டும். நாங்கள் பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் இருவர், எடை 14 கிலோவும் 22 கிலோவும். அந்த அளவில் ஜாக்கெட் உண்டா? பில் யார் பெயரில் வரும்?’ ஒழுங்கான படகுக்காரர் அன்றைக்கே நான்கு படங்களையும் அனுப்பிவிடுவார். ‘எல்லாம் இருக்கு சேட்டா, வந்து பாருங்க’ என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த எண்ணுக்குப் போங்கள். ஆலப்புழையில் படகுக்குப் பஞ்சமில்லை.